கமா போட்டால் சிஎஸ்வி

"சிஎஸ்வி பற்றி எழுதப் போறேன்" என்றதும் அறைத் தோழன் சிரித்தான். "அதுல எழுத என்னடா இருக்கு? கமா போட்டா சிஎஸ்வி. கட்டுரை முடிஞ்சுது."

அவன் சொன்னதில் பாதி உண்மை. மீதிப் பாதிக்காகத்தான் இதை எழுதுகிறேன். கணினித் துறை மாணவர்களுக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரிந்திருக்கும், அவர்கள் வேகமாக ஓட்டிக்கொண்டு போகலாம். பி.காம், பி.ஏ. படிக்கிறவர்கள், ஆபீசில் யாராவது "அந்த லிஸ்ட்டை சிஎஸ்வியா அனுப்புங்க" என்று கேட்டதும் விழிக்கிறவர்கள், இவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

முதலில் அடிப்படை. ஒரு கணினியில் இருக்கும் தகவலை இன்னொரு கணினிக்குக் கொடுக்க வேண்டும். இரண்டிலும் ஒரே மென்பொருள் இருக்கும் என்று சொல்ல முடியாது. ஒன்றில் வங்கியின் மென்பொருள், இன்னொன்றில் கல்லூரி அலுவலகத்தின் விரிதாள், மூன்றாவதில் யாரோ ஒரு மாணவன் எழுதிய பைத்தான் நிரல். மூன்றுக்கும் புரிகிற ஒரு பொது வடிவம் வேண்டும். அதைத்தான் தரவுப் பரிமாற்ற வடிவம் என்கிறார்கள். எக்ஸ்எம்எல், ஜேசன், சிஎஸ்வி எல்லாம் இந்தக் குடும்பம். அதில் வயதில் மூத்ததும் பார்க்க எளிமையானதும் சிஎஸ்விதான். கமாவால் பிரிக்கப்பட்ட மதிப்புகள் என்பது அதன் பெயரின் பொருள்.

ஒரு பலகாரக் கடையின் விலைப் பட்டியலை எடுத்துக்கொள்வோம். (தீபாவளிக்கு ஊருக்குப் போக முடியாத ஏக்கம், வேறொன்றுமில்லை.)

பொருள்,எடை,விலை
அதிரசம்,250,90
முறுக்கு,200,70
தேன்குழல்,200,75

இதை நோட்பேடில் அப்படியே தட்டி, கோப்பின் பெயருக்குப் பின்னால் புள்ளி சிஎஸ்வி என்று கொடுத்துச் சேமித்தால் போதும். ஒரு வரிக்கு ஒரு பொருள். முதல் வரி தலைப்பு. கமா வருகிற இடத்தில் அடுத்த கட்டம். விரிதாளில் திறந்தால் அழகாகக் கட்டம் கட்டமாக வரும். இதைப் படிக்க எந்த நிறுவனத்தின் மென்பொருளும் வேண்டாம், உரிமமும் வேண்டாம். இன்னும் ஐம்பது வருடம் கழித்து ஒருவர் திறந்தாலும் என்ன இருக்கிறது என்று கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம். எனக்கு இதைப் பிடிப்பதற்கு முதல் காரணம் அதுதான்.

இப்போது கடைக்காரர் இன்னொரு பொருள் சேர்க்கிறார்: மிக்சர், காரம் அதிகம். பெயருக்குள்ளேயே ஒரு கமா! அப்படியே எழுதினால் கணினி அதை இரண்டு கட்டமாகப் பிரித்து, "காரம் அதிகம்" என்பதை எடைக் கட்டத்தில் கொண்டுபோய் வைத்துவிடும். எடை விலைக்குப் போகும், விலை வெளியே தொங்கும். இதற்கு வழி, கமா உள்ள கட்டத்தை இரட்டை மேற்கோள் குறிக்குள் அடைப்பது:

"மிக்சர், காரம் அதிகம்",250,85

சரி, பெயருக்குள் மேற்கோள் குறியே வந்தால்? அதை இரண்டு தடவை போட வேண்டும்:

"பாட்டி ""ஸ்பெஷல்"" முறுக்கு",200,80

பார்க்க ஒரு மாதிரிதான் இருக்கும். ஆனால் இந்த இரண்டு விதிகளைத் தெரிந்துகொண்டால் சிஎஸ்வியின் இலக்கணத்தில் முக்கால்வாசி முடிந்தது. மூன்றாவது ஒன்று உண்டு: மேற்கோள் குறிக்குள் புது வரி கூட வரலாம். அதாவது முகவரியை மூன்று வரியாக எழுதினாலும் அது ஒரே கட்டம்தான். நிரல் எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. வரி வரியாகப் படித்து, கமா வந்த இடத்தில் வெட்டினால் வேலை முடிந்தது என்று நினைக்கிற நிரல், முதல் முகவரியிலேயே குப்புற விழும். பைத்தானில் 2003-ல் வந்த 2.3 பதிப்பிலிருந்தே இதற்கென்று தனி நிரல்தொகுப்பு இருக்கிறது. நாமே வெட்ட வேண்டிய அவசியமே இல்லை.

நம் ஊர்க்காரர்களுக்கு இன்னொரு வம்பு உண்டு. சீர்வரிசை முறுக்கு ஐந்து கிலோ 1,250 ரூபாய் என்று கமா போட்டு எழுதினால், விலை ஒரு ரூபாய் என்றும், அடுத்த கட்டத்தில் 250 என்றும் ஆகிவிடும். லட்சத்தில் எழுதினால் இன்னும் கொண்டாட்டம், 1,25,000 மூன்று கட்டமாக உடையும். ஆகவே எண்ணுக்குள் கமா போடாதீர்கள். ஐரோப்பாவில் இதே வம்பு வேறு உருவத்தில் வருகிறது. ஜெர்மனி, பிரான்ஸ் போன்ற நாடுகளில் நாம் புள்ளி வைக்கும் இடத்தில் கமா வைப்பார்கள், மூன்றரை என்பது 3,5. அதனால் அங்கே உள்ள விரிதாள்கள் சிஎஸ்வி என்று சேமிக்கும்போது கமாவுக்குப் பதில் அரைப்புள்ளியைப் போட்டுப் பிரிக்கின்றன. பெயரில் மட்டும் கமா, உள்ளே அரைப்புள்ளி! ஜெர்மனியில் மேற்படிப்பு படிக்கிற சீனியர் யாராவது அனுப்பிய கோப்பு உங்கள் கணினியில் எல்லாம் ஒரே கட்டத்தில் ஒட்டிக்கொண்டு வந்தால், அவரைத் திட்டாதீர்கள்.

இந்தக் கமா யோசனை எங்கிருந்து வந்தது? விரிதாள்கள் வருவதற்கு முன்பே இருந்தது. துளை அட்டைகளில் தரவு கொடுத்த காலத்தில் ஒரு அட்டைக்கு 80 பத்திகள். இன்ன தகவல் இன்ன பத்தியில் ஆரம்பிக்க வேண்டும் என்று கணக்கு. ஒரு பத்தி தள்ளித் துளை போட்டுவிட்டால் எல்லாம் தப்பு. 1972-ல் ஐபிஎம்மின் ஃபோர்ட்ரான் நிரல்மொழிபெயர்ப்பியில், மதிப்புகளைக் கமாவோ இடைவெளியோ விட்டுப் பட்டியலாகக் கொடுக்கும் வசதி வந்தது. ஃபோர்ட்ரான் 77-ல் அது தரத்திலேயே சேர்ந்தது. பத்தி எண்ண வேண்டாம், கமா போட்டால் போதும். 1983-ல் ஆஸ்போர்ன் எக்சிகியூட்டிவ் என்ற கணினியோடு வந்த சூப்பர்கால்க் விரிதாளின் கையேட்டில் மேற்கோள் குறி வழக்கம் எழுதப்பட்டிருந்தது.

இங்கேதான் எனக்குச் சிரிப்பு வரும் இடம். இத்தனை வருடம் உலகம் முழுக்கப் புழங்கிய பிறகு, 2005 அக்டோபரில்தான் ஒருவர் உட்கார்ந்து இதன் விதிகளை ஒழுங்காக எழுதினார். ஆர்எஃப்சி 4180 என்பது அந்த ஆவணம், எழுதியவர் யாகோவ் ஷஃப்ரானோவிச். சில பக்கங்கள்தான். அதுவும் "இப்படித்தான் செய்ய வேண்டும்" என்று சட்டம் போடும் வகை ஆவணம் கிடையாது. "பெரும்பாலான மென்பொருள்கள் இப்படித்தான் செய்கின்றன" என்று பதிவு செய்யும் தகவல் ஆவணம். பேச்சுவழக்குக்கு முதலில் இலக்கணம் எழுதினவர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மக்கள் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள், இவர் வந்து எழுதி வைத்தார். எழுதி வைத்த பிறகும் அவரவர் அவரவர் மாதிரியே பேசுகிறார்கள் :-)

இன்னொரு வேடிக்கை. ஆஸ்கி எழுத்துத் தொகுதியில் 28 முதல் 31 வரை உள்ள நான்கு இடங்கள் இதற்கென்றே ஒதுக்கப்பட்டவை. கட்டத்தைப் பிரிக்க ஒன்று, வரியைப் பிரிக்க ஒன்று என்று. அவை யாருடைய பெயரிலும் முகவரியிலும் வராது, ஆகவே இந்த மேற்கோள் குறிச் சண்டையே வந்திருக்காது. ஆனால் அந்த எழுத்துகளுக்கு விசைப்பலகையில் விசை இல்லை. கமாவுக்கு இருந்தது. அவ்வளவுதான் காரணம் என்று நினைக்கிறேன். கைக்கு எட்டுவதுதான் ஜெயிக்கும்.

சரி, தமிழுக்கு வருவோம். சிஎஸ்வி வெறும் உரைக் கோப்பு. அந்த உரை எந்தக் குறியேற்றத்தில் எழுதப்பட்டது என்று கோப்புக்குள் எங்கேயும் சொல்ல இடமில்லை. எக்ஸ்எம்எல்லில் முதல் வரியிலேயே அதை எழுதிவிடலாம். ஜேசனில் யுடிஎஃப்-8 தான் என்று 2017-ல் வந்த ஆர்எஃப்சி 8259 கறாராகவே சொல்லிவிட்டது. சிஎஸ்வியில் திறக்கிற மென்பொருள் யூகிக்க வேண்டும். ஆங்கிலம் மட்டும் இருந்தால் யூகம் தப்பினாலும் தெரியாது. தமிழ் இருந்தால் தெரியும், நன்றாகவே தெரியும்.

யுடிஎஃப்-8-ல் தமிழின் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட்டு. "தமிழ்" என்ற சொல்லை எடுத்தால் த, ம, இகரக் கொம்பு, ழ, புள்ளி என்று ஐந்து குறியீடுகள், மொத்தம் பதினைந்து பைட்டு. யுனிகோடில் தமிழுக்கான கட்டம் அமைந்திருக்கும் இடத்தால், எந்தத் தமிழ்க் குறியீட்டுக்கும் முதல் பைட்டு ஒன்றேதான், இரண்டாவது பைட்டு இரண்டில் ஒன்று. ஆகவே மென்பொருள் இதைப் பழைய மேற்கத்திய விண்டோஸ் குறியேற்றம் என்று தப்பாக யூகித்தால், தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில ஏ, பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர், பிறகு ஏதோ ஒன்று, மறுபடியும் சாய்கோடு ஏ, வட்ட ஆர் என்று மந்திரம் ஜெபிப்பது போல் திரும்பத் திரும்ப வரும். இந்த உருவத்தைப் பார்த்தால் பயப்பட வேண்டாம். தமிழ் எங்கேயும் போகவில்லை, கோப்புக்குள் பத்திரமாக இருக்கிறது. கண்ணாடிதான் தப்பு. அந்த நிலையில் மட்டும் சேமித்துவிடாதீர்கள்.

எக்செல்லுக்கு யுடிஎஃப்-8 என்று புரிய வைக்க, கோப்பின் தொடக்கத்தில் பிஓஎம் என்ற மூன்று பைட்டு அடையாளம் வைப்பது வழக்கம். சேமிக்கும்போது "சிஎஸ்வி யுடிஎஃப்-8" என்ற தேர்வைக் கொடுத்தால் எக்செல்லே அதை வைத்துவிடும். லிப்ரெ ஆபீஸில் இன்னும் நாகரிகம், சிஎஸ்வியைத் திறக்கும்போதே எந்தக் குறியேற்றம், எதை வைத்துப் பிரிக்க என்று ஒரு சட்டத்தில் கேட்கும். நம்மில் பாதிப் பேர் அதைப் படிக்காமல் சரி என்று அழுத்துகிறோம், அது வேறு கதை. யுனிகோடுக்கு முந்தைய எழுத்துரு முறைகளில் தட்டிய பழைய கோப்புகளுக்கு இந்த வைத்தியம் எதுவும் பலிக்காது. அவற்றைத் தனியாகக் குறிமாற்றிதான் ஆக வேண்டும்.

எழுத்து உடைந்தால் கண்ணுக்குத் தெரியும், யாராவது கூச்சல் போடுவார்கள். எண் உடைந்தால் தெரியாது. நான் இதை எழுத உட்கார்ந்ததற்கே காரணம் அதுதான்.

சிஎஸ்வியில் வகை கிடையாது. 044 என்று எழுதியிருந்தால் அது எண்ணா, எழுத்தா, சென்னையின் எஸ்டிடி குறியீடா என்று கோப்பு சொல்லாது. மூன்று எழுத்துகள், அவ்வளவுதான். திறக்கிற விரிதாள் "இது எண் மாதிரி இருக்கே" என்று முடிவு செய்து 44 ஆக்கிவிடும். கதவு எண் 3/12 என்று இருந்தால் "இது தேதி மாதிரி இருக்கே" என்று டிசம்பர் மூன்றாம் தேதி ஆக்கிவிடும். பழைய எண், புதிய எண் என்று சாய்கோடு போட்டு முகவரி எழுதுகிற நம் ஊரில் இது எத்தனை வீட்டை நாட்காட்டிக்குள் தள்ளியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

இதைவிட மோசம் நீளமான எண்கள். எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களைத்தான் நினைவில் வைக்கும். பதினாறாவது இலக்கம் முதல் பூஜ்யம் ஆகிவிடும். 12 இலக்கம் ஆனாலே திரையில் முழுதாகக் காட்டாமல் 1.23457ஈ+11 என்று அறிவியல் குறியீட்டில் சுருக்கிக் காட்டும். நம் ஆதார் எண் சரியாக 12 இலக்கம்! அந்த நிலையில் மறுபடி சிஎஸ்வியாகச் சேமித்தால் திரையில் தெரிந்த சுருக்கம்தான் கோப்பில் போய் உட்காரும். மீதி இலக்கங்கள் போனது போனதுதான், எந்த மந்திரவாதியாலும் திரும்பக் கொண்டுவர முடியாது.

என் வகுப்புத் தோழி ஒருத்திக்கு உதவித்தொகை வர வேண்டியிருந்தது. அவள் அப்பா கட்டட வேலை. அந்தப் பணத்தை நம்பித்தான் விடுதிக் கட்டணம். மற்றவர்களுக்கு வந்தது, இவளுக்கு வரவில்லை. கேட்டால் கணக்கு எண் தவறு என்றார்கள். வங்கிப் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து மறுபடி எழுதிக் கொடுத்தாள். அடுத்த மாதமும் அதே பதில். மூன்றாவது தடவை எழுதும்போது அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது, "என் கையெழுத்துதான் புரியலையோ" என்று ஒவ்வொரு இலக்கத்தையும் கட்டம் போட்டு எழுதினாள். ஒரு ஆசிரியர் உதவியால் அனுப்பப்பட்ட பட்டியலின் பிரதி ஒன்று பார்க்கக் கிடைத்தது. விரிதாளில் திறக்காமல் நோட்பேடில் திறந்து பார்த்தேன். அவள் எண்ணின் கடைசி இலக்கம் 7, பட்டியலில் 0. சரி, தட்டச்சுப் பிழை என்று நினைத்து விட்டிருப்பேன். ஆனால் கண் தானாகவே கீழே ஓடியது. 11 இலக்கக் கணக்குகள் எல்லாம் 3, 8, 5 என்று விதவிதமாக முடிந்தன. 16 இலக்கக் கணக்குகள் ஒன்பது இருந்தன. ஒன்பதும் பூஜ்யத்தில் முடிந்தன.

நடந்தது என்னவென்றால், பட்டியலைச் சரிபார்க்கத் திறந்தவருக்கு எண்கள் எல்லாம் ஈ+15 என்று சுருங்கித் தெரிந்திருக்கின்றன. அவர் கெட்டிக்காரர். அந்தப் பத்தியைத் தேர்ந்தெடுத்து, எண் வடிவம், தசமம் வேண்டாம் என்று மாற்றியிருக்கிறார். உடனே 16 இலக்கமும் முழுதாக வந்துவிட்டது. பார்க்கச் சரியாக இருந்ததால் சேமித்துவிட்டார். அதில் கடைசி இலக்கம் ஏற்கெனவே செத்துப் போயிருந்தது. ஒவ்வொரு தடவை திருத்தம் வந்தபோதும் சரியான எண்ணைத்தான் தட்டினார், ஒவ்வொரு தடவையும் அது பூஜ்யமாக மாறியது. எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. ஒன்பது பேரில் எட்டுப் பேர் "நமக்குக் கொடுத்து வைக்கவில்லை" என்று பேசாமல் இருந்ததுதான் கஷ்டமாக இருந்தது. அந்தப் பத்தியை முதலிலேயே உரை வடிவமாக மாற்றிவிட்டு எண்களைத் தட்டிய பிறகு பணம் வந்தது. அதற்குள் அவள் விடுதிக்கு வட்டிக்கு வாங்கிக் கட்டியிருந்தாள்.

பெரிய இடங்களிலும் இதே கதைதான். 2020 அக்டோபர் தொடக்கத்தில் இங்கிலாந்தில் கொரோனா எண்ணிக்கை திடீரென்று எகிறியது. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 தொற்றுகள் கணக்கில் சேராமல் விட்டுப்போயிருந்தன, அவற்றைச் சேர்த்ததால் வந்த ஏற்றம் அது. ஆய்வகங்கள் சிஎஸ்வி கோப்பாகத்தான் அனுப்பியிருந்தன. சிஎஸ்விக்கு வரி வரம்பு எதுவும் இல்லை. அதை வாங்கிய பொதுச் சுகாதார அமைப்பு அவற்றை எக்செல்லின் பழைய எக்ஸ்எல்எஸ் வடிவத்துக்குள் இழுத்தது. அந்த வடிவத்தில் ஒரு தாளுக்கு 65,536 வரிதான் இடம். ஒரு நோயாளிக்குப் பல வரிகள் பிடித்ததால் ஒரு கோப்பில் சுமார் 1,400 பேர்தான் அடங்கினார்கள். மிச்சம் பேர் சத்தமில்லாமல் வெளியே விழுந்தார்கள். 2007-க்குப் பிந்தைய வடிவத்தில் 10,48,576 வரிகள் இருக்கின்றன, அதைப் பயன்படுத்தியிருந்தாலே அன்றைக்குத் தப்பித்திருக்கலாம். சோதனை முடிவு நோயாளிகளுக்குப் போய்விட்டது. ஆனால் அவர்களோடு பழகியவர்களைத் தேடிப் பிடித்து எச்சரிக்கும் வேலைதான் நாள் கணக்கில் தாமதமானது. அந்த நாட்களில் அவர்கள் எங்கெல்லாம் போனார்களோ!

மரபணு ஆராய்ச்சியாளர்கள் கதை கொஞ்சம் சிரிப்பு, கொஞ்சம் அழுகை. மார்ச்1, செப்ட்2 என்றெல்லாம் மரபணுக்களுக்குப் பெயர் இருந்தது. விரிதாளில் திறந்தால் மார்ச் ஒன்றாம் தேதி, செப்டம்பர் இரண்டாம் தேதி! 2004-லேயே இதைச் சுட்டிக்காட்டி ஒரு கட்டுரை வந்தது. 2016-ல் வெளியான ஓர் ஆய்வு, எக்செல் கோப்பில் மரபணுப் பட்டியல் இணைத்த ஆய்வுக் கட்டுரைகளில் சுமார் ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருப்பதாகச் சொன்னது. கடைசியில் 2020-ல் மரபணுப் பெயர்க் குழு மரபணுக்களின் பெயரையே மாற்றிவிட்டது. மார்ச்1 இப்போது மார்ச்எஃப்1, செப்ட்2 இப்போது செப்டின்2. மென்பொருளை மாற்றுவதைவிட மனித மரபணுவின் பெயரை மாற்றுவது சுலபமாக இருந்திருக்கிறது! எக்செல் 2023-ல்தான் இந்தத் தானியங்கி மாற்றங்களை நிறுத்தி வைக்கும் அமைப்பைக் கொடுத்தது. நாமாகப் போய் நிறுத்தினால்தான் நிற்கும்.

அப்படியானால் சிஎஸ்வி மோசமா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். மேலே சொன்ன மூன்று கதையிலும் சிஎஸ்வி கோப்பு கொடுத்ததைக் கொடுத்தபடியே வைத்திருந்தது. இடையில் வந்து "நான் உதவுகிறேன்" என்று அதைத் தொட்ட விரிதாள்தான் கெடுத்தது. சிஎஸ்வி கோப்பை இரட்டைச் சொடுக்குப் போட்டுத் திறப்பதை நிறுத்தினாலே பாதிப் பிரச்சினை தீரும். விரிதாளை வெறுமையாகத் திறந்து, தரவு என்ற பட்டியலில் போய், உரை அல்லது சிஎஸ்வியிலிருந்து இறக்குமதி என்பதைக் கொடுங்கள். தொலைபேசி, கணக்கு எண், ஆதார், அஞ்சல் குறியீடு, பதிவு எண், கதவு எண் இதெல்லாம் உரை என்று அங்கேயே சொல்லிவிடுங்கள். கூட்டிக் கழிக்கப் போகாத எண் எதுவும் எண்ணே இல்லை. யாராவது தங்கள் ஆதார் எண்ணை இரண்டால் வகுத்துப் பார்ப்பார்களா? சும்மா பார்க்க மட்டும் வேண்டுமென்றால் நோட்பேட் போதும். அப்புறம், வேறு யாரோ அனுப்பிய மூலக் கோப்பை அப்படியே ஒரு பிரதி எடுத்து வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். அந்நியர் அனுப்பிய கோப்பில் சமக்குறியில் தொடங்கும் கட்டங்கள் இருந்தால் கூடுதல் ஜாக்கிரதை, விரிதாள் அதைச் சூத்திரம் என்று எடுத்துக்கொண்டு இயக்கப் பார்க்கும்.

எதற்கு சிஎஸ்வி, எதற்கு ஜேசன் என்று ஒரு கேள்வி எப்போதும் வரும். என் கணக்கு இதுதான். தகவல் சதுரமாக இருந்தால், அதாவது எல்லா வரிக்கும் ஒரே பத்திகள் என்றால், சிஎஸ்வி. ஜேசனில் "பொருள்", "எடை", "விலை" என்ற பெயர்களை ஒவ்வொரு பலகாரத்துக்கும் திரும்பத் திரும்ப எழுத வேண்டும். லட்சம் வரி என்றால் லட்சம் தடவை. சிஎஸ்வியில் தலைப்பில் ஒரு தடவை. ஆனால் ஒருவருக்கு மூன்று தொலைபேசி, இன்னொருவருக்கு ஒன்றுமே இல்லை, மூன்றாமவருக்கு இரண்டு முகவரி என்று தகவல் கிளை விட ஆரம்பித்தால் சிஎஸ்வி திணறும். தொலைபேசி1, தொலைபேசி2, தொலைபேசி3 என்று பத்தி சேர்த்துக்கொண்டே போவீர்கள், நாலாவது எண்ணோடு ஒருவர் வருவார். அந்த இடத்தில் ஜேசனுக்கு மாறுவதே மரியாதை.

கிளை விடும் தகவலைக்கூடச் சாமர்த்தியமாகப் பல சிஎஸ்விகளாகப் பிரிக்கலாம் என்பதற்கு நம் எல்லோர் கைபேசியிலும் ஓர் உதாரணம் இருக்கிறது. வரைபடச் செயலியில் பேருந்து, ரயில் நேரம் பார்க்கிறோமே, அதற்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது ஜிடிஎஃப்எஸ் என்ற வடிவம். 2005-ல் அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரப் போக்குவரத்து அமைப்பும் கூகுளும் சேர்ந்து தொடங்கியது. பெரிய தொழில்நுட்பமாக இருக்கும் என்று நினைத்து ஒரு ஜிப் கோப்பைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே நாலைந்து உரைக் கோப்புகள், எல்லாமே சிஎஸ்வி! நிறுத்தங்களுக்கு ஒன்று, தடங்களுக்கு ஒன்று, நடைகளுக்கு ஒன்று, எந்த நடை எந்த நிறுத்தத்தில் எத்தனை மணிக்கு என்பதற்கு ஒன்று. ஒவ்வொரு வரிக்கும் ஓர் அடையாள எண், அதை வைத்து ஒன்றோடொன்று கோத்துக்கொள்கின்றன.

அந்த நேரக் கோப்பில் 25:35:00 என்று ஒரு வரி. முதலில் பிழை என்று நினைத்தேன், பிறகு விதிமுறையைப் படித்தால் சரிதான். இரவு பதினொன்றரைக்குக் கிளம்பும் வண்டி நள்ளிரவைத் தாண்டி ஓடினாலும் அது நேற்றைய வண்டிதானே? ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும் அது நேற்றைய ட்யூட்டி. அதனால் 24-ஐத் தாண்டி 25, 26 என்று எண்ணிக்கொண்டே போகலாம் என்று வைத்திருக்கிறார்கள். ஜேசனைப் பற்றித் தனியாக எழுதச் சொல்லி இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். செமஸ்டர் முடியட்டும், எழுதுகிறேன்.